செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: அம்பாசமுத்திரம் படிப்பகம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அண்ணாச்சிமார், அக்காமார், தம்பி தங்கையர் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. நாளிதழ்கள் தடையின்றி வந்தன. சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றினோம். செப்டம்பர் 5 வ.உ.சி. பிறந்த நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தோம். சாரலுக்கு ஒழுகிக்கொண்டிருந்த மேற்கு மூலை ஓடு மாற்றியாயிற்று. நெல்லைப் புத்தகத் திருவிழாவில் கொஞ்சம் நூல்கள் வாங்கினோம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை இரண்டாம் ஞாயிறு வாசிப்புக் கூட்டம். இலங்கைப் பிரதமராக இருந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசியல் வாழ்க்கையை ஆண்டு முழுக்கப் படிப்பது என்று நான்தான் முன்மொழிந்தேன். செயற்குழுவில் எதிர்ப்பு வந்ததை மறைக்க வேண்டியதில்லை. "நம்ம ஆளுகள கப்பலேத்தி அனுப்புன அம்மாவுக்கு நம்ம படிப்பகத்துல என்னத்துக்குக் கூட்டம்?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். 1964 ஒப்பந்தப்படி தமிழர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதைத்தான் சொன்னார். நியாயமான கேள்வி. அதே காரணத்துக்காகத்தான் படிக்க வேண்டும் என்றேன்; இன்றும் அதில் மாற்றமில்லை. தூத்துக்குடி நம் மாவட்டத்தோடு இருந்த காலத்தில் கொழும்புக்குப் போய்க் கடை வைத்தவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர்! "சிலோன்காரர் வீடு" என்று பெயர் வாங்கிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. நம்மவர்களின் தலையெழுத்தில் கைவைத்த ஒருவரைப் பற்றி நமக்கு ஒரு வரிகூடத் தெரியாமல் இருப்பது சரியா?

அந்த அம்மாவைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது இவ்வளவுதான்: கணவர் செத்தார், மேடையில் அழுதார், ஓட்டு விழுந்தது. அன்றைய வெளிநாட்டுப் பத்திரிகைகளும் ஏறக்குறைய இப்படித்தான் எழுதின. படித்துப் பார்த்தால் கதை வேறு. 1941-லேயே அவர் லங்கா மகிளா சமிதி என்ற கிராமப் பெண்கள் சங்கத்தில் சேர்ந்துவிட்டார். அதில் பொருளாளர், துணைத் தலைவர், பிறகு தலைவர். ஊர் ஊராகப் போய் நெல் விளைச்சல், குடும்ப நலம், பெண்களின் உரிமை என்று பேசிய ஆண்டுகள் அவை. 1959 செப்டம்பரில், பிரதமராக இருந்த கணவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் வீட்டுக்குள்ளேயே இருந்த பெண் அல்ல. சங்கத்துக் கணக்கு எழுதி, கூட்டம் கூட்டி, ஆட்களைச் சமாளித்துப் பழகியவர். மகளிர் குழுவில் நோட்டு எழுதுகிற நம் அக்காமார் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று கூட்டத்திலும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

1960 மார்ச் தேர்தலில் கணவரின் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்காகப் பிரசாரத்துக்குப் போனார். கட்சி ஆட்சியைப் பிடிக்கவில்லை. அதன் பிறகே தலைமையை ஏற்றார். அதே ஆண்டு ஜூலையில் மறுபடியும் தேர்தல். கட்சிக்கு 75 இடங்கள். அவர் எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. ஜூலை 21 அன்று பிரதமராகி, அதன் பிறகு ஆகஸ்டில் செனட் என்ற மேலவையின் நியமன உறுப்பினரானார். கட்சியைத் தேர்தலில் வெல்லவைத்துப் பிரதமரான பெண் உலகத்திலேயே அதற்கு முன் கிடையாது. இந்திரா காந்தி பிரதமரானது 1966-ல்தான்.

இதைச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவள் இல்லை. 1961 ஜனவரி முதல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது அவருடைய அரசு. யாழ்ப்பாணத்தில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் மீது இராணுவத்தை ஏவியதும் அதே அரசு. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் போட்டார். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த, தேயிலைத் தோட்டங்களில் வேலைசெய்த இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்தப் பிறகு 1974-ல் வந்தது. ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். தேயிலை கிள்ளியவர்களிடம் எந்த அரசும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கச்சத்தீவு ஒப்பந்தமும் அதே 1974-ல்தான். பேசி முடித்தவர்கள் இருவருமே பெண் பிரதமர்கள்.

நான்காவது கூட்டத்தில் ஒப்பந்தத்தில் வந்த ஒரு பெரியம்மா பேசினார். சின்னப் பிள்ளையாகத் தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். "எங்க பாட்டன் ஊருன்னு சொன்னாங்க, எங்கள ஒருத்தருக்கும் தெரியல" என்றார். சிறிமாவோ மேல் கோபமா என்று கேட்டதற்கு, "அவளும் சாஸ்திரியும் சேந்துதானே எழுதுனாங்க" என்றார். நான் படித்த புத்தகங்கள் எதிலும் இவ்வளவு சுருக்கமான தீர்ப்பு இல்லை. அன்று அரங்கில் இருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் என்பதுதான் என் மனக்குறை. அதை யாரும் பதிவுகூடச் செய்யவில்லை.

பிறகு 1965-ல் தோல்வி, 1970-ல் மீண்டும் ஆட்சி, 1971-ல் இளைஞர் கிளர்ச்சி, 1972-ல் குடியரசு, 1976-ல் கொழும்பில் அணிசேரா நாடுகள் மாநாடு, 1977-ல் கட்சிக்கு வெறும் 8 இடம் என்று ஐந்து கூட்டங்கள் போயின. 1980-ல் தேர்தலில் நிற்பது, ஓட்டுப் போடுவது போன்ற அவருடைய குடியியல் உரிமைகளையே பறித்தார்கள். பலருடைய குடியுரிமையைப் பேரம் பேசியவருக்கு அது நடந்தது என்று ஒரு தம்பி சொன்னபோது அரங்கில் நீண்ட விவாதம். 1994-ல் மகள் சந்திரிகா குடியரசுத் தலைவர், தாய் மூன்றாம் முறை பிரதமர். 2000 அக்டோபர் 10, தேர்தல் நாளில் வாக்களித்துவிட்டுத் திரும்புகையில் இறந்தார்.

வருகை பற்றி வருத்தத்தோடு எழுதுகிறேன். எதிர்த்துப் பேசிய மூத்தவர் ஒரு கூட்டம் விடாமல் வந்தார். அவருக்கு என் மரியாதை. ஆதரித்துக் கைதூக்கிய செயற்குழு உறுப்பினர்களில் பாதிப்பேர் ஒருமுறைகூட எட்டிப்பார்க்கவில்லை. மறுநாள் கடைத்தெருவில் பார்த்து "கூட்டம் எப்படிம்மா?" என்று கேட்பதால் நாற்காலி நிறையாது. இரண்டு முறை கோரம் இல்லாமல் செயற்குழுவை ஒத்திவைக்க நேர்ந்தது.

சந்தா ஆண்டுக்கு 200 ரூபாய். பாதிக்கு மேற்பட்டவர்களிடம் நிலுவை. சிலருக்கு அது மூன்றாண்டு நிலுவை. வீடு தேடிப் போனால் "அடுத்த மாசம்" என்கிறார்கள். மின்கட்டணமும் வாடகையும் அடுத்த மாதம் வரை காத்திருப்பதில்லை. நன்கொடையாளர்கள் இல்லாவிட்டால் இந்த ஆண்டைக் கடத்தியிருக்க முடியாது. வரவு செலவு ஏறத்தாழச் சரிக்குச் சரியாக நிற்கிறது. ஓடு மாற்றிய வகையில் கொஞ்சம் கைக்கடன் பாக்கி. தணிக்கையான கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், அரங்கைப் பெருக்கி நாற்காலி போடும் அக்காவுக்கும், ஒலிபெருக்கியைக் குறைந்த வாடகைக்குத் தந்தவருக்கும், நன்கொடை அளித்த வணிகர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்திரா காந்தி. 1966-ல் அவரைப் பிரதமராக்கியதில் காமராஜருக்கு என்ன பங்கு, 1969-ல் காங்கிரஸ் கட்சி உடைந்தபோது அதே காமராஜர் ஏன் எதிர்ப்பக்கம் நின்றார் என்பதை நம் ஊர்க்காரர்களின் பார்வையில் படிக்க வேண்டும். பேச்சாளர்களை வெளியூரிலிருந்து அழைக்க வேண்டியிருக்கும். பேருந்துச் செலவாவது கொடுக்காமல் அழைப்பது மரியாதையல்ல. செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். ஆனால் ஒன்பது பேர் உள்ள செயற்குழுவில் நான் ஒருத்திதான் பெண் என்ற நிலையில் இந்தத் தலைப்புகளைப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. வாசிக்க வருகிறவர்களில் பெண்கள் குறைவில்லை. பெயர் கொடுக்கத்தான் தயங்குகிறார்கள்.

வேட்பு மனுப் படிவங்கள் வாசல் மேசைமேல் உள்ளன. பொருளாளர் பதவிக்கு அக்காமாரில் யார் பெயர் கொடுத்தாலும் நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஆள் தயாராக இருக்கிறார். சந்தா ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கிறது. நிலுவை உள்ளவர்கள் வாக்களிக்க முடியாது என்பது விதி 7. தேர்தல் தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்