கழிமுகத்தில் ஓர் எண்ணெய் மண்டி

போர்ட் ஹார்கோர்ட், நைஜீரியா,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். அதற்காக மறுபடியும் மூட்டை எண்ணுகிறேன் என்று குடோன் படியேறாதே, பையன் பார்த்துக்கொள்வான். நான் சௌக்கியம். இங்கே கரண்ட் மட்டும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும்.

போன வாரம் ஒபோபோ என்ற ஊருக்குப் போய்வந்தேன். விருதுநகரில் எண்ணெய் மண்டி வைத்திருக்கும் உன்னிடம்தான் இதைச் சொல்ல வேண்டும். இமோ ஆறு கடலில் கலக்கும் இடத்தில், அலையாத்திக் காட்டுக்கு நடுவே இருக்கிற சிறிய ஊர். ஜாஜா மன்னருக்கு 1903இல் வைத்த சிலை இருக்கிறது. இந்த ஊரை உண்டாக்கியவரே அவர்தான்.

இக்போ இன மக்களின் நாட்டில் பிறந்து, சிறு வயதிலேயே பானி துறைமுகத்துக்கு அடிமையாக விற்கப்பட்டவர். பானியில் வியாபாரமெல்லாம் ‘வீடு’களின் கையில். வீடு என்றால் குடும்பம் மட்டுமல்ல. படகோட்டி, அடிமை, சண்டைக்காரன், வரவுசெலவு எல்லாம் சேர்ந்த ஒரு கம்பெனி மாதிரி. கெட்டிக்காரனாக இருந்தால் அடிமையும் தலைவனாகலாம். 1863இல் ஜாஜா அப்படித்தான் ஒரு பெரிய வீட்டுக்குத் தலைவரானார். 1869இல் போட்டி வீட்டோடு சண்டை முற்றியதும் தன் ஆட்களோடு கிளம்பிவிட்டார். புது ஊர் போட்ட இடத்தைக் கேள்: உள்நாட்டு எண்ணெய்ச் சந்தைகளிலிருந்து படகுகள் இறங்கி வருகிற ஆற்றின் வாய். பானிக்குப் போகிற சரக்கு அங்கேயே நின்றுவிட்டது!

அப்போது லிவர்பூல் வியாபாரிகளுக்குப் பாமாயில் இல்லாமல் சோப்பு, மெழுகுவத்தி, இயந்திரத்துக்கு மசகு எதுவும் ஓடாது. துணியையும் உப்பையும் துப்பாக்கியையும் முதலில் கடனாகக் கொடுத்து, எண்ணெய் வந்ததும் கழித்துக்கொள்வார்கள். அந்தக் கடனுக்கு ‘டிரஸ்ட்’, அதாவது நம்பிக்கை, என்றே பெயர். உன் அப்பா கேட்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

1880களில் எண்ணெய் விலை விழுந்தது. கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து கொள்முதல் விலையைக் குறைக்க, ஜாஜா சரக்கை நேரே லிவர்பூலுக்கே அனுப்ப ஆரம்பித்தார். 1884இல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டபோதே சுதந்திர வணிகம் என்ற பிரிவை அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்திட்டிருந்தார். அவரை உத்தமர் என்று சொல்லவில்லை, சேகர். அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். உள்நாட்டுச் சந்தைக்கு வேறு யாரையும் விடாமல் மறித்தார். ஆனால் எதிரே இருந்தவர்களும் விலை தங்கள் கையில் இருக்க வேண்டும் என்றுதானே அலைந்தார்கள்?

1887இல் ஹாரி ஜான்ஸ்டன் என்ற துணைத்தூதர், பேசிவிட்டுத் தடையில்லாமல் திரும்பலாம் என்று எழுதிக்கொடுத்து அவரைப் போர்க்கப்பலுக்கு வரவழைத்தார். ஏறியதும், அக்ராவுக்கு (இன்றைய கானாவின் தலைநகர்) விசாரணைக்கு வா, இல்லையென்றால் ஊருக்குக் குண்டு என்ற மிரட்டல். அக்ராவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு நாடுகடத்தினார்கள். ஊர் திரும்ப அனுமதி கிடைத்து 1891இல் கிளம்பியவர், வழியில் டெனரீஃப் தீவிலேயே இறந்துபோனார்.

அப்புறம் பெண்கள் கதை. இந்தப் பக்கத்து வழக்கப்படி, பழத்தை அவித்து இடித்து எடுக்கும் சிவப்பு எண்ணெய் ஆணுடையது. கொட்டையை உடைத்து எடுக்கும் பருப்பு பெண்ணுடையது. அந்தப் பருப்புக் காசுதான் பெண்களின் கைச்செலவு. 1929இல் விலையும் விழுந்து, பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற பேச்சும் கிளம்பவே, ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். எதிர்க்கரையில், இன்றைய இக்கோட் அபாசியில், அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் ஆட்சியின் சிப்பாய்கள் சுட்டதில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள்.

இப்போது ஊர் அமைதியாகத்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் இன்வாவோட்டம் என்ற முகமூடி வேடம் கூரை மேல் ஏறி ஆடுமாம். அதற்காகவாவது டிசம்பரில் இன்னொரு முறை போக வேண்டும். எண்ணெய்ப் பனை பிறந்த மண்ணான இந்த நாடே இன்று வெளியிலிருந்து பாமாயில் வாங்குகிறது என்பதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

பொங்கலுக்கு வரும்போது ஒரு பாட்டில் கொண்டுவருகிறேன். நம் ரேஷன் கடைப் பாமாயில் மாதிரி வெளுத்தது இல்லை, செக்கச்செவேல் என்று இருக்கும். முதலில் மோந்து பார்த்துவிட்டு, விருதுநகரில் என்ன விலைக்குப் போகும் என்று நீயே சொல்.

அன்புடன்,
ராஜு