செவ்வாய்க்கிழமையைத் தந்த அக்காவுக்கு

அம்மா நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் அந்தோனியார் படத்தைப் பார்த்து அழுதார், அப்புறம் கஞ்சி கேட்டார். நடந்ததெல்லாம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் இன்றே சொல்லிவிட வேண்டும்.

முதலில், கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில் மெழுகுதிரி விற்கும் அக்காவுக்கு. (பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.)

அக்கா, நீங்கள் எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. செவ்வாய் நவநாளுக்கு வரும்போது அம்மா உங்களிடம் திரி வாங்குவார், அவ்வளவுதான் பழக்கம். இரண்டு செவ்வாய் அம்மாவைக் காணவில்லை என்று விசாரித்து விசாரித்து வீடு தேடி வந்தீர்கள். என் லீவு முடிந்துவிட்டது, அம்மாவோடு நிற்க ஆளில்லை என்று நான் சொன்னதும், "செவ்வாய்க்கிழமை நான் நிக்கிறன்" என்றீர்கள்.

கொச்சிக்கடையில் செவ்வாய் என்றால் என்ன என்று கொழும்பு ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கத்தோலிக்கர் மட்டுமா, இந்துக்களும் பௌத்தர்களும் வந்து அந்தத் தெருவே நிறைகிற நாள். மற்ற ஆறு நாளும் விற்காதது அன்றைக்கு விற்கும். அந்த நாளில்தான், மூன்று செவ்வாய், நீங்கள் கடையை மூடிவிட்டு வந்தீர்கள்.

இரண்டாவது செவ்வாய் நான் வேலை முடிந்து ஓடி வந்தபோது, கட்டிலடியில் குந்தியிருந்தீர்கள். பிளாஸ்டிக் பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர், பாதி கரைந்த சன்லைட் சவர்க்காரம். நாட்கணக்கில் படுக்கையில் கிடந்த கால்கள் அவை. நகம் வளர்ந்து, குதிகால் வெடித்து, மணம் வந்த கால்கள். பெற்ற மகள் நானே போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போயிருந்தேன். "வேண்டாம் பிள்ளை" என்று அம்மா காலை இழுக்க இழுக்க, விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தீர்கள்.

இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழன் பூசையில் பாதர் பாதம் கழுவும்போது பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று 2016 இல் திருத்தந்தை பிரான்சிஸ் விதியை மாற்றினாரே, அதற்குப் பிறகு ஒரு வருஷம் எங்கள் பங்கில் அம்மாவும் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்கார்ந்தார். அன்று பூசைக்குப் போகுமுன் மூன்று தரம் காலைக் கழுவினார். பாதர் தொடப்போகும் கால் ஆயிற்றே! நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். ஆனால் பேதுருவின் கால் அன்றைக்குப் புழுதியில் நடந்து வந்த கால். அதைச் சொல்லும் யோவான் நற்செய்தி 13 ஆம் அதிகாரத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். அந்த வார்ட்டில்தான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

இரவில் முகம் சுளிக்காமல் வந்த நர்ஸ் மிஸ்ஸிமார், எங்கள் பங்கு வின்சென்ட் டி போல் சபையினர், காசே வாங்காத ஓட்டோ அண்ணா, கொத்தமல்லி அவித்து அனுப்பிய மேல்மாடி நோனா, சோற்றுப் பார்சலோடு வந்த பக்கத்து வீட்டு நானா, ஜெபமாலை சொன்ன எல்லோரும்: உங்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

அம்மாவின் எதிர்க்கட்டிலில் ஓர் ஆச்சி இருக்கிறார். மலைநாட்டுப் பக்கம். நாங்கள் இருந்தவரை அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அவருடைய கால்களும் போர்வைக்குள்தான் கிடக்கின்றன. வரும் செவ்வாய் அரைநாள் லீவு கேட்டுவிட்டேன், சம்பளம் வெட்டினாலும் பரவாயில்லை. அந்தப் பேசினைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் அன்றைக்குக் கடையை மூடாதீர்கள் அக்கா, நான் போகிறேன்.