உன் ஆய்வேட்டில் சில புள்ளிகள்

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய இரண்டாம் அத்தியாயத்தைப் படித்து முடித்துவிட்டேன். தவளைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அதை உன் நெறியாளர் பார்த்துக்கொள்வார். ஆனால் மெய்ப்புத் திருத்தியே பழகிய கண் சும்மா இருக்குமா? லத்தீன் சுருக்கங்களில் போய் நின்றுவிட்டது.

தொடக்கத்திலேயே 'இருவாழ்விகள்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'ஐ.ஈ. தவளைகள்' என்று போட்டிருக்கிறாய். ஐ.ஈ. என்றால் 'அதாவது'. அப்படியானால் இருவாழ்வி என்றாலே தவளைதான், வேறு எதுவும் இல்லை என்று ஆகிவிடுகிறது. சாலமாண்டர் எங்கே, காலே இல்லாத சிசிலியன் எங்கே என்று தேர்வாளர் கேட்டால் என்ன சொல்வாய்? உனக்கு அங்கே வேண்டியது ஈ.ஜி., 'எடுத்துக்காட்டாக'. நன்றாகத் தெரிந்த விஷயத்தையே தெரியாதவள்போல் எழுதியிருக்கிறாய். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'அதாவது' என்று ஒரு தரம், 'உதாரணமாக' என்று ஒரு தரம் படித்துப் பார், புரிந்துவிடும்.

ஈ.ஜி. என்று ஆரம்பித்த பட்டியலை எட்செட்ராவில், அதாவது 'முதலியன' என்று, முடிக்காதே. சிலவற்றைத்தான் சொல்கிறேன் என்று முதலிலேயே சொல்லியாயிற்றே. எட்செட்ராவுக்கு முன்னால் 'அண்ட்' போடுவதும் வீண், அதிலுள்ள 'எட்' அந்த வேலையைத்தான் செய்கிறது. வாக்கியம் எட்செட்ராவில் முடிந்தால் ஒரே புள்ளி போதும். கேள்வியாக இருந்தால் மட்டும் புள்ளிக்குப் பிறகு கேள்விக்குறியும் வரும்.

புள்ளி எங்கே என்பதற்குப் பெரிய ரகசியம் ஏதுமில்லை. வெட்டிய சொல்லுக்குத்தான் புள்ளி. ஐ.ஈ., ஈ.ஜி. இரண்டிலும் இரண்டிரண்டு சொற்கள், அதனால் இரண்டிரண்டு புள்ளிகள். 'மற்றும் பிறர்' என்று பொருள்படும் 'எட் ஆல்' என்பதில் முதல் சொல் முழுசாகவே இருக்கிறது, ஆகவே 'ஆல்' பின்னால் மட்டும். ஏபிஏ முறையில், அதாவது அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நடைக் கையேட்டில், 2019-இல் வந்த ஏழாம் பதிப்பின்படி, மூன்று ஆசிரியர்கள் இருந்தாலே முதல் தடவையிலிருந்தே இதைப் போடலாம். நீ இன்னும் பழைய வழக்கப்படி முதலில் எல்லாப் பெயரையும் அடுக்கிக்கொண்டிருக்கிறாய்.

'சி எஃப்' சுருக்கம் 'கான்ஃபெர்' என்ற ஒரே சொல், எனவே கடைசியில் ஒரே புள்ளி. 'ஒப்பிட்டுப் பார்' என்று பொருள். நீ 'இதைப் பார்' என்ற பொருளில் இறைத்திருக்கிறாய். உன் கருத்தை அப்படியே ஆதரிக்கும் கட்டுரைக்கு அது பொருந்தாது. மாறுபட்ட முடிவுக்கு வந்த கட்டுரைக்குப் போடு. பேரினப் பெயருக்கும் சிற்றினப் பெயருக்கும் நடுவில் நீங்கள் போடும் அதே சுருக்கம் வேறு கதை. 'இந்த இனம்போல் இருக்கிறது, உறுதியில்லை' என்பதற்கு அது, சரியாகவே போட்டிருக்கிறாய். ஆனால் சாய்வெழுத்து உயிரியல் பெயருக்கு மட்டும்தான், நடுவில் நிற்கும் சுருக்கத்தை நேராகவே விடு.

அப்புறம், ஐ.ஈ.க்குப் பிறகு காற்புள்ளி. அமெரிக்க வழக்கில் உண்டு, பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் இல்லை. நீ ஒரே பக்கத்தில் இரண்டையும் கலந்திருக்கிறாய். உங்கள் துறை கேட்பது ஏபிஏ என்றால் காற்புள்ளி போட்டுவிடு. அந்த முறையில் 'எட் ஆல்' தவிர மற்றவை அடைப்புக்குறிக்குள்தான் வரவேண்டும், ஓடுகிற வாக்கியத்தில் ஆங்கிலச் சொல்லாகவே எழுத வேண்டும். எனக்கும் அதுதான் பிடிக்கும். பிரிட்டன் அரசின் இணையதள நடைக் கையேடு இந்தச் சுருக்கங்களையே தவிர்க்கச் சொல்கிறது, பார்வையற்றோருக்காகத் திரையைப் படித்துக்காட்டும் சில மென்பொருள்கள் இவற்றைத் தப்பாக உச்சரிப்பதால்.

திருத்தங்களை ஓரத்தில் குறித்து அனுப்பியிருக்கிறேன். அடுத்த அத்தியாயத்தோடு மேற்கோள் பட்டியலையும் சேர்த்து அனுப்பு, அதையும் ஒரு கை பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா