மழையில் மச்சு பிச்சு: மகளுக்கு

அன்பு மகள் யாழினிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். பெரு நாட்டு மலைமேல் இன்கா மக்கள் கட்டிய பழைய ஊரான மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டுக் கஸ்கோ நகரத்துக்குத் திரும்பி வந்துவிட்டோம். "மச்சு பிச்சுல ஒரே மழையாமே, போன காசெல்லாம் தண்டமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் போட எனக்கு மனசு வரவில்லை.

நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே மழைக்காலம். ஜனவரியில் போய்விட்டு வெயில் இல்லையே என்று அழுதால் யார் கேட்பார்கள்? காலண்டரில் வருகிற அந்தப் படம், பின்னால் வைனா பிச்சு சிகரமும் மேலே நீல வானமுமாக, எனக்குக் கிடைக்கவில்லைதான். அந்தப் படம் எடுக்கிற மேல்தளத்தில் நாங்கள் நின்றபோது எதிரே வெறும் வெள்ளை. கீழே உருபாம்பா ஆறு இரைவது மட்டும் கேட்டது. உள்ளே ஒருவழிப் பாதை. தாண்டிவிட்டால் திரும்ப விடமாட்டார்கள். அதனால் அங்கேயே நின்றோம். "இதைப் பார்க்கவா இத்தனை தூரம்?" என்று அப்பா போஞ்சோ என்கிற பிளாஸ்டிக் மழை அங்கிக்குள்ளிருந்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மேகம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும், கலையும், மறுபடி ஏறும். கலைகிற நேரத்தில் ஊரின் ஒரு மூலை மட்டும் தெரியும். அந்த மூலைகளைத்தான் எடுத்தேன். முழு ஊர் தெரிகிற படம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறதே, நான் வேறு எதற்கு?

நீயும் போகிறவள் என்பதால் சொல்கிறேன். குடை, ட்ரைபாட் இரண்டுக்கும் உள்ளே அனுமதியில்லை. ஓட்டல் குளியலறையில் வைத்திருக்கிற ஷவர் கேப்பைக் கேமராவுக்கு மாட்டிவிடு, போதும். லென்ஸ் துடைக்க அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து நாலைந்து துண்டு கொண்டுபோயிருந்தேன், எல்லாம் நனைந்துபோயின. மேகத்தின் வெளுப்பைப் பார்த்துக் கேமரா ஏமாந்து படத்தை இருட்டடித்துவிடும், எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் கூட்டி வை.

கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே இருப்பது வெள்ளைக் கிரானைட். உச்சி வெயிலில் வெளுத்துப்போய்க் கண் கூசுமாம். நனைந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் தனி நிறம் வந்துவிடுகிறது. சூரியன் கோயிலின் வளைந்த சுவரைப் பார். சாந்து இல்லாமல் இழைத்து வைத்த கற்கள், மழையில் ஒவ்வொரு இணைப்பும் மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரிந்தது. நிழல் விழாத வெளிச்சத்தில்தான் அந்தக் கோடு அவ்வளவு சுத்தமாகப் பதிகிறது. மார்ட்டின் சாம்பி என்று இந்த மண்ணில் பிறந்த கெச்சுவா பூர்வகுடிப் புகைப்படக்காரர் ஒருவர், 1920-களில் கண்ணாடித் தகடுகளையும் பெரிய கேமராவையும் சுமந்து மலையேறி இதே ஊரைப் படம் பிடித்திருக்கிறார். ஒரு ஷவர் கேப்போடு போன நான் அலுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது தண்ணீரைப் பற்றி. அங்கே வருஷத்துக்கு ஏறக்குறைய 1,900 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. அதுவும் செங்குத்தான மலை முகட்டில். காலையிலிருந்து விடாமல் பெய்தும் நடுத்திடலின் புல்வெளியில் தண்ணீர் தேங்கவே இல்லை. வடிகால் வேலையில் மண்டையை உடைத்துக்கொள்கிறவள் நீ, உனக்குப் புரியும். படிக்கட்டு வயல்களில் அடியில் பெருங்கல், அதன்மேல் சரளை, மணல், கடைசியில் வளமண் என்று அடுக்கியிருக்கிறார்கள். திடலுக்கு அடியிலும் கல் உடைத்த சில்லுகளைப் பரப்பியிருக்கிறார்கள். கென்னத் ரைட் என்ற அமெரிக்க நீரியல் பொறியாளர் இதை 1990-களில் ஆராய்ந்து, மொத்தக் கட்டுமான உழைப்பில் சுமார் 60 சதவீதம் நிலத்துக்கு அடியில்தான் கிடக்கிறது என்று கணித்தார். சுவர்களில் மட்டும் ஏறக்குறைய 130 வடிகால் துளைகளாம். வெயில் நாளில் அவை வெறும் ஓட்டைகள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நான் போன அன்று பாதையோரச் சுவரில் ஒன்று நூலாகத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் லாமா என்கிற ஒட்டக இனப் பிராணியோடு செல்ஃபி எடுக்க, நான் ஈரக் கல்லில் குந்தி அந்த ஓட்டையை எடுத்தேன். வழிகாட்டிப் பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

குடிதண்ணீர் ஏற்பாடு தனி. மலைச் சரிவின் ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளத்துக்குக் கல்வாய்க்கால். அது வந்து ஒன்றன்கீழ் ஒன்றாக 16 நீர்த்தொட்டிகளில் இறங்குகிறது. முதல் தொட்டி அரச மாளிகையை ஒட்டி இருக்கிறது. முதல் தண்ணீர் இன்கா அரசன் பச்சாகுட்டிக்கு, மிச்சம் ஊருக்கு! அது எந்த ஊரிலும் மாறாது போலிருக்கிறது. ஒரு தொட்டியை நெருங்கிப் பார்த்தேன். கல்லில் வெட்டிய குறுகிய தாரையில் தண்ணீர் ஓடிவந்து, சுவரைத் தொடாமல் தள்ளி விழுகிறது, குடத்தை நேராகப் பிடிக்கத் தோதாக. ஷட்டரை 1/500 நொடி வேகத்தில் வைத்து எடுத்தால் துளித்துளியாகத் தெரிகிறது, 1/15-ல் பட்டையாக வருகிறது. இரண்டும் எடுத்து வைத்திருக்கிறேன், எது நன்றாயிருக்கிறது என்று நீ சொல்.

குளிரிலிருந்து அறைக்கு வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுத்துவிடாதே, உள்ளே வியர்த்துவிடும். பிப்ரவரியில் இன்கா நடைபாதையைப் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். நடந்து வர ஆசையிருந்தால் அந்த மாதம் வேண்டாம். வடிகால் படங்களையெல்லாம் தனி ஃபோல்டரில் போட்டு இன்று ராத்திரி அனுப்புகிறேன். உன் ஆபீஸில் காட்டு. அப்பா படம் ஒன்று அதில் கலந்திருக்கும், போஞ்சோவில் முறைத்துக்கொண்டு நிற்பார். அதை மட்டும் காட்டாதே.

அன்புடன்,
அம்மா