அம்மிக்கு மார்க் இல்லை

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. திட்டாதே. விடிந்ததும் நூறாம் நம்பர் பஸ் பிடித்துப் புறக்கோட்டை, அங்கிருந்து செட்டியார் தெருக் கடை, திரும்பி வந்தால் தூக்கம்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. காலையில் இடியப்பமும் சொதியும். தேங்காய்ப்பாலில் மஞ்சளாய், தண்ணியாய் இருக்கும். முதலில் பிடிக்கவில்லை, இப்போது இரண்டு கரண்டி கூடக் கேட்கிறேன்.

விடியற்காலையில் ரேடியோவோடு சண்டை போடும் மேல்வீட்டு டீச்சரம்மா இருக்கிறாரே, அவர் பேத்திக்குப் பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சி. குறுங்கால ஞாபகத்தைச் சோதிக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆயிரம் வேலை. பிள்ளை கேட்டாளே என்று போனேன். மத்தியானம் முழுக்க அங்கேதான்.

நொடிக்கு ஓர் எண்ணாக வாசித்தாள், அதே வரிசையில் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏழு வரை வந்தேன், எட்டில் சறுக்கியது. "அது சரிதான் அங்கிள், 1956இல மில்லர் எண்டவர் ஏழு, கூடக் குறைய இரண்டு எண்டுதான் எழுதினவர்" என்று ஆறுதல் சொன்னாள். பத்து இலக்க போன் நம்பர் மட்டும் எப்படி நிற்கிறது என்றேன். துண்டு துண்டாகப் பிடிப்பதால்தானாம்.

அடுத்து பதினைந்து சொற்கள். இதில்தான் மானம் போனது. கதிரை, பேணி, தாச்சி, அகப்பை, சுளகு என்று அடுக்கினாள். கதிரை என்றால் நாற்காலி, தாச்சி என்றால் வாணலி என்று நான் யோசிப்பதற்குள் அடுத்த மூன்று ஓடிவிட்டன. ஆறு எழுதினேன், முதலில் வந்தவையும் கடைசியில் வந்தவையும்தான். நடுவில் வந்தது ஒன்றும் நிற்கவில்லை. "தம்பிக்கு ஞாபகம் காணாது" என்றார் டீச்சரம்மா. பழகாத சொல் தங்காது, எல்லோரையும் ஒரே பட்டியலால் அளந்தால் கணக்குத் தப்பு என்று வாதாடினேன். பிள்ளை அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

ஆனால் ஆறில் ஒன்றை அடித்துவிட்டாள். "அம்மி நான் வாசிக்கவே இல்லையே அங்கிள்." ஒரே இனத்துச் சொற்களை அடுக்கினால், சொல்லாததையும் கேட்டதாக மனசு சாதிக்குமாம். எனக்கு நன்றாகக் கேட்டதம்மா. நீ தேங்காய்ச் சட்னி அரைக்கிற சத்தம், வளையலோடு.

சரி, விடு. பணம் இந்த மாதம் பத்து நாள் தள்ளும். தங்கம் விலை ஏறியதால் கடையில் கூட்டம் குறைவு, வேறொன்றுமில்லை. சின்ன மாமா பட்டா கேட்டால் ஜெராக்ஸ் மட்டும் கொடு, அசல் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது. தங்கச்சி வளைகாப்புக்கு லீவு கேட்டிருக்கிறேன், யாரிடமும் இப்போதே சொல்லாதே.

மிக்ஸி வந்துவிட்டது, இடத்தை அடைக்கிறது என்று எழுதியிருந்தாயே, ஆட்டுக்கல்லை வேண்டுமானால் யாருக்காவது கொடுத்துவிடு. அம்மி நான் வரும்வரை கிடக்கட்டும்.

உன் மகன்