பிள்ளைக்குப் பதினெட்டு ஆகுமுன்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் இயங்கும் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கும் தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் குடும்பங்களுக்காக உங்களிடம் ஒன்று கேட்கிறோம். ஆண்டுதோறும் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஒரு வார இறுதிப் பிற்பகலை ஒதுக்கி, பதின்ம வயதுப் பிள்ளைகளை குளோபல் என்ட்ரியில் (வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குத் திரும்பும்போது குடிநுழைவுச் சோதனையை விரைவாக முடிக்க உதவும் அரசு உறுப்பினர் திட்டம்) சேர்க்கப் பெற்றோருக்கு வழிகாட்டுங்கள். அப்பாவும் அம்மாவும் உறுப்பினராக இருக்க, பிள்ளையை மட்டும் சேர்க்காமல் விட்ட வீடுகள் ஏராளம். “எங்களோடுதானே வருகிறான்” என்ற எண்ணம்தான் காரணம்.

விமானம் ஏறுமுன் நடக்கும் பாதுகாப்புச் சோதனையை விரைவாகக் கடக்க உதவும் டிஎஸ்ஏ பிரீசெக் வரிசையில் அந்த எண்ணம் பாதி சரி. 12 வயது வரை பிள்ளைகள் உறுப்பினரான பெற்றோரோடு வரலாம். 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கும் 2023 மே மாதத்திலிருந்து அனுமதி உண்டு. ஆனால் பெற்றோரும் பிள்ளையும் ஒரே முன்பதிவில் இருக்க வேண்டும்; பிள்ளையின் போர்டிங் பாஸிலும் பிரீசெக் குறி வந்திருக்க வேண்டும். அப்பா டிக்கெட்டை விமானப் பயணங்களில் சேர்த்த மைல் புள்ளிகளைக் கொண்டும் மகள் டிக்கெட்டைக் காசு கொடுத்தும் எடுத்தால் முன்பதிவு எண் இரண்டாகிவிடும். அங்கேயே சலுகை போயிற்று. பள்ளி அணியோடு போட்டிக்குப் பறக்கும் பிள்ளைக்கும் பெற்றோரின் உறுப்பினர் எண் உதவாது.

குளோபல் என்ட்ரியில் கூட வருபவருக்கு என்று சலுகையே கிடையாது. கைக்குழந்தைக்கும் தனி உறுப்பினர் பதிவு வேண்டும். சென்னையிலிருந்து கண்டம் தாண்டி வந்து இறங்கும் நால்வரில் ஒரு பிள்ளைக்கு மட்டும் பதிவில்லை என்றால், அந்தப் பிள்ளைக்காக அப்பாவோ அம்மாவோ பொது வரிசையில் நின்றாக வேண்டும்.

2024 அக்டோபர் 1 முதல் கட்டணம் 120 டாலர். பெற்றோரில் ஒருவர் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தாலோ, உடன் விண்ணப்பித்தாலோ 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. உறுப்பினர் காலம் 5 ஆண்டுகள். பிரீசெக் அதிலேயே அடக்கம். 17 வயதில் இலவசமாகச் சேர்ந்த பிள்ளைக்குக் கல்லூரிக் காலம் முழுக்கக் கவலையில்லை. இது தெரியாமல் பிள்ளைக்குத் தனியாக பிரீசெக் வாங்குவது வீண் செலவு. எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருக்கும் பிள்ளைகளால் அதை நேரடியாக வாங்கவும் முடியாது; அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. இந்தியக் குடிமக்கள் குளோபல் என்ட்ரிக்கு விண்ணப்பிக்கலாம். அவர்களுக்கு இந்திய அரசின் பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. ஆகவே அவர்கள்தான் எல்லோருக்கும் முன்னே தொடங்க வேண்டும்.

விண்ணப்பத்தை டிடிபி (டிரஸ்டட் டிராவலர் புரோகிராம்ஸ்) என்ற அமெரிக்க அரசுத் தளத்தில் போட வேண்டும். முகவரி ‘டாட் கவ்’ என்று முடிகிறதா என்று முதலில் பாருங்கள். அதே சாயலில் தளம் நடத்திக் கூடுதல் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரின் கணக்கில் பிள்ளையைச் சேர்க்க முடியாது. பிள்ளைக்குத் தனி மின்னஞ்சல், அதைக்கொண்டு அரசுத் தளங்களில் நுழைய உதவும் லாகின் டாட் கவ்-இல் தனிக் கணக்கு, அதன்பின் தனி விண்ணப்பம். பலர் தடுக்கி நிற்கும் முதல் படி இது. கடந்த 5 ஆண்டுகளில் குடியிருந்த முகவரிகளையும் போய்வந்த நாடுகளையும் கேட்பார்கள். வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி வந்தால் பாதி வேலை முடிந்தது.

பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். நம் வீடுகளில் அப்பா பெயர் ஓர் ஆவணத்தில் நடுப்பெயராகவும் இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் ஏறியிருக்கும். சில இந்தியப் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். உறுப்பினர் பதிவிலும் டிக்கெட்டிலும் பெயரோ பிறந்த தேதியோ ஒத்துப்போகாவிட்டால் பிரீசெக் குறி வராது. பிள்ளையின் உறுப்பினர் எண்ணை டிக்கெட்டில் பிள்ளையின் பெயருக்கு நேரே, ‘நோன் டிராவலர்’ (Known Traveler) எண் கேட்கும் கட்டத்தில் இட வேண்டும். அப்பாவின் எண்ணை எல்லோருக்கும் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. வேறு தளத்திலோ முகவரிடமோ டிக்கெட் எடுத்தவர்கள், எண் விமான நிறுவனத்தின் பதிவில் ஏறியிருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும்.

நிபந்தனையுடன் ஒப்புதல் வந்தபின் நேர்காணல். பதிவு மையத்தில் தேதி கிடைப்பது பல ஊர்களில் பெரும்பாடு. அதைவிட எளிய வழி, ஊரிலிருந்து திரும்பி இறங்கும்போதே, அந்த வசதியுள்ள விமான நிலையத்தில் முன்பதிவு இல்லாமல் முடிப்பது. பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் ஒருவர் பிள்ளையோடு இருக்க வேண்டும். பாஸ்போர்ட், இருந்தால் கிரீன் கார்டு, முகவரிச் சான்று மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் வேலைக்கு ஆகாது.

சேர்ந்தபின்னும் ஆவணங்கள் மாறும். 16 வயதுக்குள் வாங்கும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் 5 ஆண்டுகள்தான். கிரீன் கார்டு வைத்திருக்கும் பிள்ளை 14 வயது நிறைந்த 30 நாளுக்குள் ஐ-90 படிவம் கொடுத்துப் புது அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டோ அட்டையோ புதிதாக வந்ததும் டிடிபி கணக்கில் விவரத்தைப் புதுப்பிக்காவிட்டால், வந்து இறங்கும் இடத்தில் சிக்கல்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடமே நேராகச் சொல்லுங்கள். பாட்டி ஆசையாகக் கட்டிக்கொடுத்த பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் கொண்டுவரத் தடை உள்ளவை. சுங்கத்தில் அறிவிக்காமல் கொண்டுவந்து பிடிபட்டால் உறுப்பினர் தகுதியே பறிபோகலாம்.

அந்தப் பிற்பகலில் நீங்கள் போடும் உதவி மேசைக்கு வேண்டியவை நம்பகமான இணைய இணைப்பும் விவரம் தெரிந்த நாலைந்து பேரும்தான். பெற்றோர் தங்கள் மடிக்கணினியிலேயே படிவத்தை நிரப்பட்டும். தன்னார்வலர்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் போதும். யாருடைய கடவுச்சொல்லையும் கேட்காதீர்கள், பாஸ்போர்ட் நகல் எதையும் வாங்கி வைக்காதீர்கள். இடம் போதாவிட்டால் 17 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களை முதலில் அழையுங்கள். அவர்களுக்குத்தான் நாள் குறைவு.

இப்படிக்கு,
பயணப் பதிவுகளில் உதவும் தன்னார்வலர்கள்