எட்டாவது கட்டத்து ராணி

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. பாப்பாவுக்கு லூயிஸ் கரோல் எழுதிய ‘த்ரூ த லுக்கிங்-கிளாஸ்’ படித்துக் காட்டலாமா, அந்த வயசுக்குப் புரியுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் படி. கதையில் ஆலிஸுக்கும் சரியாக ஏழரை வயசுதான். அவளே வெள்ளை ராணியிடம் சொல்கிறாள். ஆனால் புத்தகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்காராதே. நாலாவது நாளே பாப்பா கொட்டாவி விடுவாள். ரயில் வரும், உடனே காடு வரும், ராணி ஆடாக மாறுவாள், கடை ஆறாக மாறும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டே இல்லாத மாதிரி இருக்கும். பக்கத்தில் செஸ் பலகையை விரித்து வைத்துவிட்டால் அந்தக் குழப்பம் பாதிக்கு மேல் போய்விடும். கதையே ஓர் ஆட்டம்தான். ஒரு சிப்பாய் இரண்டாவது வரிசையில் கிளம்பி எட்டாவது வரிசைக்குப் போய் ராணியாகிறாள். அந்தச் சிப்பாய்தான் ஆலிஸ்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடு. பாப்பா கார்ட்டூன் படம் பார்த்திருப்பாள். 1951-ல் டிஸ்னி எடுத்த படத்தில் இரண்டு ஆலிஸ் புத்தகங்களையும் கலந்துவிட்டார்கள். ‘தலையை வெட்டு’ என்று கத்துகிற ராணி 1865-ல் வந்த முதல் புத்தகத்துக்காரி, சீட்டுக்கட்டு ராணி. இதில் வருகிற சிவப்பு ராணி செஸ் ராணி. கண்டிப்பான டீச்சர் மாதிரி இருப்பாள், யார் தலையையும் வெட்டமாட்டாள். இரண்டாவது புத்தகம் 1871 கடைசியில் வந்தது.

புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு பலகைப் படமும் பதினோரு நகர்வுகளின் பட்டியலும் இருக்கும். அந்தப் பட்டியலை வைத்து ஆடப் பார்த்தால் தடுமாறுவாய். அது பழைய முறையில் எழுதியது. கட்டத்துக்கு இப்போதுபோல டி4, இ5 என்று பெயர் (வெள்ளைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்) கிடையாது. ‘ராணியின் நாலாவது’, ‘ராஜாவின் இரண்டாவது’ என்றுதான் இருக்கும். அதிலும் வெள்ளை தன் பக்கத்திலிருந்து எண்ணும், சிவப்பு தன் பக்கத்திலிருந்து எண்ணும். சிவப்புக் குதிரை ‘ராஜாவின் இரண்டாவது’ கட்டத்துக்கு வருகிறது என்றால் அது இ2 இல்லை, இ7. இந்த இடத்தில் தப்பு செய்தால் கடைசியில் செக்மேட் வராது. அதனால் இப்போது நாம் எழுதுகிற முறையில் கீழே மாற்றித் தருகிறேன்.

பாப்பாவை வெள்ளைப் பக்கம் உட்கார வை. அவள் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்கவேண்டும். வீட்டில் இருப்பது கறுப்பு வெள்ளைக் காய்கள்தானே, கறுப்பைச் சிவப்பாக வைத்துக்கொள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் காய்கள் சாதாரணம். மொத்தம் எட்டே காய்தான் வேண்டும். வெள்ளையில் ராணி சி1, யானை எஃப்1, சிப்பாய் டி2, குதிரை எஃப்5, ராஜா சி6. சிவப்பில் ராணி இ2, ராஜா இ4, குதிரை ஜி8. பிஷப் ஒன்றுகூடக் கிடையாது. சிவப்பு ராஜாவை மட்டும் நிற்க வைக்காதே, இ4-ல் படுக்க வை. கதை முழுக்க அவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார், ஒரு கட்டம்கூட நகர்வதில்லை. அப்புறம் ஒரு சிவப்பு நூலைச் சிப்பாய் கழுத்தில் கட்டிவிடு. அது ஆலிஸ் என்று தெரியவேண்டும்.

ஊரே பலகையாக இருப்பது இரண்டாவது அத்தியாயத்தில்தான் தெரியும். ஆலிஸ் குன்றின் மேல் நின்று பார்க்கிறாள். குறுக்கே ஓடைகள், ஓடைக்கு ஓடை பச்சை வேலிகள். ஓடை ஒரு வரிசையை அடுத்த வரிசையிலிருந்து பிரிக்கிறது, வேலி பக்கத்துக் கட்டத்தைப் பிரிக்கிறது. டி2-வில் கிளம்பி டி8-க்குப் போக ஆறு ஓடை தாண்டவேண்டும். ஒவ்வோர் ஓடையைத் தாண்டும்போதும் அச்சில் நட்சத்திரக் குறிகள் வரிசையாக வரும். அதைக் கண்டதும் நீ நிறுத்து, பாப்பா காயை நகர்த்தட்டும். முதல் இரண்டு ஓடை மட்டும் ஒரே நகர்வு, ஏனென்றால் சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம். ஒன்றை ஆலிஸ் குதித்துத் தாண்டுகிறாள், மற்றதை ரயிலே எம்பித் தாண்டுகிறது. டி3-ல் நிற்காமல் வேகமாகக் கடக்கத்தான் ரயில். இதைப் பாப்பாவே கண்டுபிடிப்பாளா என்று பார், நீ முந்திச் சொல்லிவிடாதே.

இனி நகர்வுகள். சிவப்பு ராணி இ2-விலிருந்து எச்5-க்கு. (கதையில் அவள் குச்சி நட்டு, நாலாவது கஜத்தில் போய்வருகிறேன் என்று சொல்லி, ஐந்தாவதில் மறைந்துவிடுகிறாள்.) ஆலிஸ் டி4-க்கு, இங்கேதான் ட்வீடில்டம், ட்வீடில்டீ என்ற இரட்டையர். வெள்ளை ராணி சி4-க்குத் தலைதெறிக்க ஓடிவருகிறாள், பறந்துபோன சால்வையைத் தேடிக்கொண்டு. பிறகு சி5-க்குப் போய் ஆடாகிறாள். ஆலிஸ் டி5-க்கு, கடை, ஆறு, மறுபடி கடை. வெள்ளை ராணி எஃப்8-க்கு. கடைக்கார ஆடு முட்டையைக் கையில் கொடுக்காமல் கடையின் அந்தக் கோடிக்குப் போய் அலமாரியில் வைக்குமே, அதுதான் இந்த நகர்வு. ஆலிஸ் டி6-க்கு, ஹம்ப்டி டம்ப்டி. வெள்ளை ராணி சி8-க்கு ஓட்டம். ஆலிஸ் டி7-க்கு, காட்டுக்குள். சிவப்புக் குதிரை இ7-க்கு வந்து ‘செக்!’ என்று கத்துகிறது. வெள்ளைக் குதிரை எஃப்5-லிருந்து வந்து அதை வெட்டுகிறது, பிறகு எஃப்5-க்கே திரும்புகிறது. ஆலிஸ் டி8-க்கு. சிவப்பு ராணி இ8-க்கு. ஆலிஸுக்குக் கிரீடம். மூன்று ராணிகளும் ‘கேஸ்லிங்’ (செஸ்ஸில் ராஜாவும் யானையும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து நகர்வது). வெள்ளை ராணி ஏ6-க்கு. ஆலிஸ் இ8-ல் சிவப்பு ராணியை வெட்டுகிறாள். செக்மேட்.

ஹம்ப்டி டம்ப்டியையும் இரட்டையரையும் பலகையில் தேடாதே, இந்த எட்டுக் காயில் அவர்கள் இல்லை.

பாப்பாவுக்குச் செஸ் விதி தெரியும் என்பதால் சண்டைக்கு வருவாள். வரட்டும். முதல் சண்டை, ‘வெள்ளையே ஆடிக்கொண்டிருக்கிறது’ என்பது. நியாயம்தான். பட்டியலின் பதினோரு எண்களில் பலகையில் உண்மையாக நடக்கும் நகர்வுகள் 16. வெள்ளைக்கு 13, சிவப்புக்கு மூன்றே. நடுவில் ஒரு இடத்தில் வெள்ளை தொடர்ந்து எட்டு முறை ஆடுகிறது. இரண்டாவது, ராணிகள் எப்படிக் கேஸ்லிங் செய்யலாம் என்பது. செய்ய முடியாது. அரண்மனைக்குள் போனார்கள் என்பதற்குத்தான் அப்படி எழுதியது. இரண்டுக்கும் லூயிஸ் கரோலே பதில் சொல்லியிருக்கிறார், 1896 கிறிஸ்துமஸ் தேதியிட்ட முன்னுரையில். ஆறாவது நகர்வில் வெள்ளை ராஜாவுக்கு வரும் செக், ஏழாவதில் குதிரையை வெட்டுவது, கடைசிச் செக்மேட், மூன்றும் விதிப்படி சரி, காய்களை அடுக்கி ஆடிப்பார் என்கிறார். கணித ஆசிரியர் அல்லவா, அதில் பிடிவாதம்.

அவர் வாயைத் திறக்காத ஓர் இடம் இருக்கிறது. சிவப்பு ராணி இ8-க்கு வந்ததும் இ8, டி7, சி6 என்று மூலைவிட்டத்தில் பார். டி7-ல் இருந்த ஆலிஸ் டி8-க்குப் போய்விட்டாள். வழி காலி. சி6-ல் வெள்ளை ராஜாவுக்குச் செக்! யாரும் சொல்வதில்லை, யாரும் கவனிப்பதில்லை. விதிப்படி அடுத்த ஆட்டமே ராஜாவைக் காப்பாற்றவேண்டும். அவர்களோ ராஜாவை அம்போவென்று விட்டுவிட்டு விருந்துக்குப் போகிறார்கள். இதைப் பாப்பா தானாகப் பிடித்தால் அன்றைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடு.

வெள்ளை ராணி செய்கிற கூத்து இன்னும் பெரிது. ஆலிஸ் டி4-க்கு வந்த உடனே அவள் சி4-க்குப் போகாமல் இ3-க்குப் போயிருந்தால் அப்போதே செக்மேட். வைத்துப் பார்: இ3-ஐ எஃப்5 குதிரை காக்கிறது, டி5-ஐ வெள்ளை ராஜா, இ5-ஐ ஆலிஸ், எஃப் வரிசை முழுக்க யானை. அப்புறம் எஃப்8-ல் நிற்கும்போது பக்கத்திலேயே ஜி8-ல் சிவப்புக் குதிரை, வெட்டிவிட்டுப் போயிருக்கலாம். பயந்து ஓடுகிறாள். கதையில் அவள் குணமும் அதேதானே. சால்வைக்கு ஊசி குத்தத் தெரியாது, தலையில் பிரஷ் சிக்கிக்கொள்ளும். கரோல் தப்பாக ஆடவில்லை, அவள் எப்படி ஆடுவாளோ அப்படி ஆட வைத்திருக்கிறார் என்பது என் கட்சி.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இன்னொன்று. ஆட்டம் தொடங்கிய பிறகு ஆலிஸ் எந்தக் காயோடு பேசினாலும் அது அவளை ஒட்டிய கட்டத்தில் நிற்கிறது. டி2-வில் அவள், இ2-வில் சிவப்பு ராணி. டி4-ல் அவள், இ4-ல் தூங்கும் ராஜா, சி4-ல் சால்வைக்காரி. டி6-ல் நின்று சி6 ராஜாவோடு பேசும்போதுதான், வெள்ளை ராணி தூரத்தில் ஓடுவது தெரிகிறது. வெள்ளைக் குதிரைவீரன் இ7-ல் வந்து நிற்கிறான், அவள் டி7-ல். காட்டு விளிம்பு வரை கொண்டுவிட்டு, ‘என் நகர்வு அத்தோடு முடிந்தது, திரும்பவேண்டும்’ என்கிறான். பட்டியலில் அவன் எஃப்5-க்குத் திரும்புவது வெறும் எழுத்து. அந்தக் கிழவன் குதிரையிலிருந்து விழுந்து விழுந்து திரும்பிப்போவதைப் படித்துவிட்டு உன் பெண் அந்தக் காயைப் பின்னுக்கு நகர்த்துகிறபோது கை மெதுவாகத்தான் போகும். அந்த அத்தியாயத்தை அவசரப்படாமல் படி.

சிப்பாய்க்கு அடுத்த கட்டம்தான் தெரியும், பலகை தெரியாது. ஆலிஸ் யாரையும் தோற்கடித்து ராணியாகவில்லை, சுற்றி நடக்கிற போர் அவளுக்குப் பாதிகூடப் புரிவதில்லை. கேள்வி கேட்டாள், மரியாதையாகப் பேசினாள், ஓடை வந்தால் தாண்டினாள்.

டி8-க்கு வந்ததும் தலையில் ஏதோ கனமாக, இறுக்கமாக இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் தங்கக் கிரீடம். இந்த இடத்தில் சிப்பாயை எடுத்துவிட்டு டப்பாவில் இருக்கும் இன்னொரு ராணியை வைக்காதே. அதே சிப்பாய் தலையில் ஒரு பொன்தாள் வளையத்தை மாட்டிவிடு. அவள் அதே பெண்தான். நூல் கழுத்திலேயே இருக்கட்டும். இன்னொன்று, செஸ்ஸில் எட்டாவது வரிசையைத் தொட்டதும் ராணி. இங்கே தொட்ட பிறகும் பரீட்சை இருக்கிறது. சி8-ல் ஒரு ராணி, இ8-ல் ஒரு ராணி, நடுவில் இவள். ‘ரொட்டியைக் கத்தியால் வகுத்தால் விடை என்ன?’ என்று கணக்குக் கேட்கிறார்கள். தமிழிலும் அந்த ‘வகுத்தல்’ அப்படியே பொருந்தும், படித்துக்கொண்டே மொழிபெயர்த்துச் சொல்.

ராணியான பிறகு நடப்பதெல்லாம் ஏமாற்றம். அரண்மனை வாசலில் இரண்டு மணி, ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று வேலைக்காரருக்கு. ராணிக்கு மணியே இல்லை. விருந்தில் ஆட்டுத்தொடையை அறிமுகப்படுத்தி வைக்கிறார்கள், அறிமுகமானவரை வெட்டிச் சாப்பிடுவது மரியாதை இல்லை என்று தட்டை எடுத்துப் போய்விடுகிறார்கள். பாப்பா சிரிப்பாள்.

ஊரில் தாத்தாவிடம் ஆட்டம் கற்றவள் என்பதால் ஒருவேளை ராணியை ‘மந்திரி’ என்பாள். தப்பில்லை, பழைய பெயர் அதுதான். இந்தியாவிலும் பாரசீகத்திலும் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றது மந்திரி, மூலைவாக்கில் ஒரே கட்டம் நகரும். ஐரோப்பாவில் போய்த்தான் அது ராணியானது, இப்போதுள்ள நீண்ட பாய்ச்சல் கிடைத்தது 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில். மந்திரி ஆட்டத்தில் இந்தக் கதையே பிறந்திருக்காது.

புத்தகம் பன்னிரண்டு அத்தியாயம். பத்தாவதும் பதினொன்றாவதும் சில வரிதான், அதனால் கடைசி நாலையும் ஒரே ராத்திரியில் முடிக்கலாம். நாலாவதில் வரும் ‘வால்ரஸும் தச்சனும்’ பாட்டு 18 பத்தி. அதைத் தனி நாளுக்கு வை. குஞ்சுச் சிப்பிகளை நைசாகப் பேசி அழைத்துப்போய்த் தின்றுவிடுகிறார்கள். பாப்பா அழலாம், தூங்கும் நேரத்தில் வேண்டாம்.

கடைசியில் ஆலிஸ் மேசை விரிப்பை உருவுகிறாள், சிவப்பு ராணியைப் பிடித்து உலுக்குகிறாள். அதுதான் டி8-லிருந்து இ8. உடனே இ4-ல் ராஜாவுக்குச் செக்மேட். சாதாரணமாகத் தோற்ற ராஜாவைச் சாய்ப்போம். இவர் முதலிலிருந்தே படுத்துத்தான் இருக்கிறார். ராஜா விழித்தால் நீ மெழுகுவர்த்தி மாதிரி அணைந்துபோவாய் என்று இரட்டையர் நாலாவது அத்தியாயத்திலேயே ஆலிஸைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அதனால் அவரை எடுத்து நிமிர்த்தி நிற்க வை. யார் கனவு கண்டது என்று பாப்பா கேட்பாள். புத்தகமும் பதில் சொல்லாமல் அதே கேள்வியோடுதான் முடிகிறது, நீயும் சொல்லாதே.

அன்புடன்
அம்மா

பி.கு.: முதல் அத்தியாயத்தில் ஒரு பாட்டின் முதல் பத்தி மட்டும் எழுத்து திரும்பி அச்சாகியிருக்கும். அச்சுப்பிழை என்று நினைக்காதே. கைக்கண்ணாடி ஒன்றைத் தயாராக வைத்துக்கொள், பாப்பாவே பிடித்துப் படிக்கட்டும்.